யுத்த தேசத்தில் நமது மீனவர்

அயல் தேசம் ஒன்றில் யுத்தம் மூண்டிருக்கிறது. அல்லது மூளும் போலிருக்கிறது. அங்கே பிழைப்புக்காகப் போகலாமா, கூடாதா? இக்கேள்வி தில்லியில் வெளிநாட்டு இலாகாவின் மாடிகளில் மட்டும் எழுவதன்று. தூத்தூர், வள்ளவிளை, இனயம், குளச்சல், முட்டம் முதலிய நமது கடற்கரை ஊர்களின் வீட்டு முற்றங்களிலும் வருஷந்தோறும் எழுகிறது. குமரி ஜில்லாவின் மீனவர் பாரசீக வளைகுடாவின் இரு கரைகளிலும், அரபு நாடுகளிலும் ஈரானிலும், அந்நிய முதலாளிகளின் லாஞ்சுகளில் ஏறித் தொழில் செய்து வருவது இன்று நேற்று ஏற்பட்ட வழக்கமன்று. 2025 ஜூன் 13-ந் தேதி இஸ்ரேல் ஈரானைத் தாக்கியபோது நம் ஜில்லா மீனவர் ஈரானின் தென்கரையிலும் அதையடுத்த தீவுகளிலும் இருந்தனர். பன்னிரண்டு நாள் நீடித்த அந்த யுத்தத்தின்போது இக்கரையிலிருந்த குடும்பங்கள் பட்ட பாட்டை நாம் விவரிக்க வேண்டுவதில்லை. அந்த யுத்தம் நமக்குப் புகட்டிய பாடத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

'அந்த நாடு பத்திரமானதா?' என்று கேட்பதே பொது வழக்கம். ஆனால் இந்தக் கேள்வியே பிழையானது என்பது நம் கருத்து. 2014-ம் வருஷத்து இராக்கை எடுத்துக்கொள்வோம். அப்போது அந்நாட்டில் சுமார் 10,000 இந்தியர் இருந்தனர். அவர்களில் பெரும்பாலோர் சண்டை நடந்த பிரதேசங்களுக்கு வெளியே வேலை செய்துகொண்டிருந்தனர். திக்ரித் நகரத்து ஆஸ்பத்திரியில் சிக்கிய 46 நர்ஸுகள், ஆயுதக் கும்பலால் மோசுலுக்குக் கொண்டு செல்லப்பட்டு, ஜூலை மாதத்தில் உயிருடன் கொச்சி வந்து சேர்ந்தனர். அதே மோசுலில் கடத்தப்பட்ட 39 இந்தியக் கூலித் தொழிலாளரோ மாண்டனர். அவர்கள் மாண்ட செய்தி 2018 மார்ச் 20-ந் தேதிதான் பார்லிமெண்டில் அறிவிக்கப்பட்டது. நான்கு வருஷ காலம் அவர்களுடைய மனைவிமாரும் தாய்மாரும் விதவைக் கோலமா, சுமங்கலிக் கோலமா என்று அறியாமல் காத்திருந்தனர். ஒரே தேசம், ஒரே கோடைக்காலம், மூன்று கூட்டத்தாருக்கு மூன்று கதி. ஆகவே, 'இராக் பத்திரமானதா?' என்று கேட்டவனுக்கு உண்டு, இல்லை என்று எந்த விடை கூறினாலும் அது பொய்யாகவே முடிந்திருக்கும். எந்த ஊர், யாருடைய கையில், திரும்பும் வழி எது என்று கேட்டிருந்தால்தான் உபயோகமான விடை கிடைத்திருக்கும்.

திரும்பும் வழியைப் பற்றி நாம் அழுத்திக் கூறுவதற்குக் காரணம் உண்டு. நமது சர்க்கார் யுத்த பூமியிலிருந்து பிரஜைகளை மீட்பதில் பெருமைப்படத்தக்க திறமை காட்டியிருக்கிறது. 1990-ல் குவெய்த்திலிருந்து சுமார் 1,70,000 இந்தியர் ஜோர்டான் நாட்டு அம்மான் வழியாக ஆகாய விமானங்களில் கொண்டுவரப்பட்டனர். 2015-ல் ஏமனிலிருந்து 4,600-க்கு மேற்பட்ட இந்தியரும், 900-க்கு மேற்பட்ட பிற நாட்டாரும் மீட்கப்பட்டனர். 2022-ல் உக்ரெய்னிலிருந்து சுமார் 22,500 பேர் வந்து சேர்ந்தனர். 2023-ல் சூடானிலிருந்து 3,800-க்கு மேற்பட்டோர் வந்தனர். ஆனால் இக்கணக்குகளைக் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். குவெய்த்தில் இருந்தவன் இராக்கைக் கடந்து பாலைவன மார்க்கமாக ஜோர்டான் போய்ச் சேர வேண்டியிருந்தது. உக்ரெய்னில் யுத்தம் தொடங்கிய 24-ந் தேதியே ஆகாய மார்க்கம் அடைபட்டுவிட்டபடியால், மாணவர் போலந்து, ருமேனியா முதலிய நாடுகளின் எல்லையை நோக்கிப் பனியில் நடந்தனர். சூடானில் கார்த்தூமிலிருந்து 800 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள துறைமுகத்துக்குப் பஸ் ஏறிச் சென்றவர்களுக்கே கப்பல் கிடைத்தது. விமானமும் கப்பலும் சர்க்காருடையவை. அவை நிற்கும் இடம் வரையில் உள்ள தூரமோ தனி மனிதனுடையது. அந்தத் தூரத்தைக் கடக்க அவனுக்குப் பணம் வேண்டும், பாஸ்போர்ட் வேண்டும், செய்தி தெரிய வேண்டும், தடுப்பார் இல்லாதிருக்க வேண்டும்.

2025 ஜூனில் நடந்ததும் இதுவே. ஈரானின் ஆகாய மார்க்கம் அடைபட்டதும், வடமேற்கிலுள்ள உருமியா நகரத்து வைத்தியக் கல்லூரி மாணவர் 110 பேர் தரைவழியாக ஆர்மீனியா சென்று, அங்கிருந்து விமானமேறி 19-ந் தேதி தில்லி வந்தனர். அம்மாணவர் பத்திரமாக வந்தது குறித்து நாமும் மகிழ்கிறோம். ஆனால் ஆர்மீனியா இருப்பது ஈரானின் வடமேற்கு மூலையில். நமது மீனவர் இருந்ததோ அந்நாட்டின் தென்கோடிக் கடலோரத்தில். குண்டு விழும் நாட்டைக் குறுக்காகக் கடந்து போய் அந்த எல்லையைத் தொடு என்று தூத்தூர் மீனவனிடம் சொல்வது, நீந்திக்கொண்டு ஊர் வந்து சேர் என்று சொல்வதற்கு ஒப்பாகும். அவனுக்கு ஏற்ற வழி கடல்வழி. அது சாத்தியமே என்பதற்கும் அத்தாட்சி இருக்கிறது. நோய்த்தொற்றுக் காலத்தில், 2020 ஜூலை முதல் தேதி, நமது கடற்படைக் கப்பலான 'ஜலாஸ்வா', ஈரானின் பந்தர் அப்பாஸ் துறைமுகத்திலிருந்து 687 இந்தியரை ஏற்றிக்கொண்டு தூத்துக்குடியில் இறக்கிற்று. அவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டு மீனவர். கடல்வழியே வரவேண்டியவர் இன்னார், அவர் இருக்கும் துறை இன்னது என்பது முன்கூட்டியே தெரிந்திருந்தால், யுத்தம் தொடங்கும் முன்பே இத்தகைய ஏற்பாட்டைத் தீட்டிவைக்க முடியும்.

மீட்கும் வழியில் ஏழைக்கு ஒரு பாதை, மற்றவனுக்கு ஒரு பாதை என்ற வேற்றுமை நமக்குப் புதியதன்று. ஜப்பானியர் 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு வீசிய பின்னர், பர்மாவிலிருந்த பல லட்சம் இந்தியர் மலைகளையும் காடுகளையும் கால்நடையாகக் கடந்து அஸ்ஸாமுக்கும் வங்காளத்துக்கும் வந்தனர். கப்பலிலும் விமானத்திலும் ஐரோப்பியருக்கே முதலிடம் அளிக்கப்பட்டது. வழியில் பசியாலும் காலராவாலும் மாண்ட பல்லாயிரவரில் தமிழர் தொகை சொற்பமன்று. அந்நிய ஆட்சியில் நிறம் செய்த வேலையை, சுயராஜ்யத்தில் செல்வமும் படிப்பும் செய்யலாகாது. சர்க்கார் வேண்டுமென்று வேற்றுமை பாராட்டுவதாக நாம் கூறவில்லை. கல்லூரியின் பதிவேட்டில் மாணவன் பெயர் இருக்கிறது. லாஞ்சில் இருக்கும் மீனவன் பெயர் எந்த ஏட்டில் இருக்கிறது? ஏட்டில் இல்லாதவன் நினைவிலும் இல்லாமற் போகிறான்.

சர்க்கார் வெளியிடும் எச்சரிக்கை அறிக்கைகளை அடுத்தபடியாக ஆராய்வோம். இவற்றை ஒரு வக்கீல் பத்திரத்தை வாசிப்பதுபோல் சொல்லுக்குச் சொல் வாசிக்க வேண்டும். 2022 பிப்ரவரி 15-ந் தேதி கீவிலிருந்த நமது தூதராலயம், தங்கியிருப்பது அவசியமில்லாதவர்கள், முக்கியமாக மாணவர், தற்காலிகமாக வெளியேறுவது பற்றி யோசிக்கலாம் என்று கூறிற்று. 22-ந் தேதி, வகுப்புகளைப் பற்றிக் கல்லூரிகள் முடிவு சொல்லக் காத்திராமல் வெளியேறுமாறு கூறிற்று. 24-ந் தேதி யுத்தம் மூண்டது. 'யோசிக்கலாம்' என்பதற்கும் 'காத்திராமல் வெளியேறுக' என்பதற்கும் இடையே ஒரு வாரம் கழிந்தது. 'காத்திராமல் வெளியேறுக' என்பதற்கும் யுத்தத்துக்கும் இடையே இரண்டே நாள். கட்டிய சம்பளம் வீணாகுமே, வருஷம் பாழாகுமே என்று அஞ்சிய மாணவர் முதல் அறிக்கையைக் கண்டு அசையாமலிருந்தது வியப்பன்று. மார்ச் முதல் தேதி கார்க்கிவ் நகரில், உணவுப்பொருள் வாங்கப் போய் நின்ற கர்நாடக மாணவர் ஒருவர் மாண்டார்.

2024 மார்ச் 4-ந் தேதி இஸ்ரேலின் வட எல்லையிலுள்ள மார்கலியோத் என்னும் கிராமத்தில் லெபனான் பக்கமிருந்து வந்த ஏவுகணை தாக்கிப் பண்ணைத் தொழிலாளரான கொல்லம் ஜில்லாக்காரர் ஒருவர் உயிரிழந்தார். எல்லைப்புறத்தில் இருக்கும் இந்தியர் பத்திரமான இடங்களுக்குச் செல்லுமாறு தூதராலயத்தின் அறிவிப்பு அதன் மறுநாள் வெளிவந்தது. பண்ணை எல்லையில் இருக்கிறது. வேலை பண்ணையில் இருக்கிறது. விசா அந்த வேலையைப் பற்றி இருக்கிறது. தொழிலாளி எங்கே செல்வான்? இதே இஸ்ரேலுக்கு, 2024 ஜனவரியில் ஹரியானாவிலும் ஐக்கிய மாகாணமாயிருந்த உத்தரப் பிரதேசத்திலும், கட்டிட வேலைக்கு ஆள் தெரிந்தெடுக்கும் காரியத்துக்குச் சர்க்காரே துணை நின்றது என்பதையும் மறப்பதற்கில்லை. ஒரு கை 'போ' என்கிறது. மற்றொரு கை 'ஜாக்கிரதை' என்கிறது. இரண்டையும் ஒரே மனிதன் அனுசரிப்பது எங்ஙனம்?

'தெரிந்தே அபாயத்தில் இறங்கினவனுக்குக் குறைகூற உரிமையில்லை' என்று சொல்வோர் உளர். சட்டத்திலும் இதற்கு ஆதாரம் உண்டு. ஆனால் அந்தச் சட்ட நியாயத்துக்கு இரண்டு நிபந்தனைகள் இருக்கின்றன என்பதை அவர்கள் மறந்து விடுகிறார்கள். அபாயத்தை முழுவதும் அறிந்திருக்க வேண்டும் என்பது ஒன்று. மறுக்கக்கூடிய சுதந்திரத்துடன் ஏற்றிருக்க வேண்டும் என்பது மற்றொன்று. வட்டிக்குக் கடன் வாங்கி ஏஜெண்டுக்குக் கொடுத்துவிட்டுப் புறப்படும் மீனவனுக்கு இவ்விரண்டில் எது இருக்கிறது? அவன் அங்கே பெறுவது மாதச் சம்பளமன்று. பெரும்பாலும் பிடிபடும் மீனில் ஒரு பங்கு. யுத்த பயத்தால் லாஞ்சு கரையில் கட்டப்பட்டுவிட்டால் பங்கும் இல்லை, சாப்பாட்டுக்கும் கஷ்டம். ஊரிலோ கடனுக்கு வட்டி நிற்பதில்லை. கடன் தீராமல் வெறுங்கையுடன் திரும்புவதைக் காட்டிலும் குண்டுக்கு அஞ்சாமல் இருப்பதே மேல் என்று அவன் எண்ணினால், அதைப் பேராசை என்று வையும் உரிமை நமக்கு இல்லை.

அவன் திரும்ப விரும்பினாலும் பாஸ்போர்ட் பெரும்பாலும் முதலாளியின் பெட்டியில் இருக்கிறது. 1967-ம் வருஷத்திய பாஸ்போர்ட் சட்டத்தின்படி, பாஸ்போர்ட் என்பது இந்திய சர்க்காரின் சொத்து. அதை வைத்திருப்பவனுடைய சொத்துக்கூட அன்று. ஆகவே, நம்மவனின் பாஸ்போர்ட்டை வாங்கிப் பூட்டி வைக்கும் அந்நிய முதலாளி, ஓர் ஏழையின் புத்தகத்தை மட்டுமன்று, குடியரசின் சொத்தையே பூட்டி வைக்கிறான். இதை நமது தூதராலயங்கள் அந்நிய சர்க்கார்களிடம் உரத்துச் சொல்லலாகாதா?

சட்டத்தின் வலையில் மீனவனுக்கு நேர்ந்திருக்கும் கதியை எண்ணினால் வேடிக்கையாகவும் வேதனையாகவும் இருக்கிறது. பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் வேலைக்காக வெளிநாடு செல்வதை மேற்பார்வை செய்ய, 1983-ம் வருஷத்திய குடிபெயர்ச்சிச் சட்டத்தின்கீழ் 18 நாடுகள் கொண்ட பட்டியல் ஒன்று ஏற்பட்டது. அந்நாடுகளுக்குப் போகிறவன் முன் அனுமதி பெற வேண்டும். அனுமதியோடு பத்து லட்சம் ரூபாய்க்கான விபத்து இன்ஷியூரன்ஸும், இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாய் கட்டணத்தில், அவனுக்குக் கிடைக்கும். அரபு நாடுகள் அப்பட்டியலில் உண்டு. அக்கரையிலுள்ள ஈரான் இல்லை. வளைகுடாவின் தென்கரைக்குப் போகிறவன் பெயர் ஏட்டில் ஏறுகிறது. வடகரைக்குப் போகிறவன் சாதாரணப் பிரயாணிபோல் போய்விடுகிறான். கப்பல் மாலுமிகளின் உரிமைகளுக்காக ஏற்பட்ட 2006-ம் வருஷத்திய சர்வதேச உடன்படிக்கையை இந்தியா 2015-ல் ஏற்றுக்கொண்டது. ஆனால் அது மீன்பிடிக்கும் படகுகளுக்குப் பொருந்தாது. மீன்பிடித் தொழிலாளருக்கென்றே 2007-ல் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் இயற்றிய உடன்படிக்கை 2017-ல் அமலுக்கு வந்தது. அதை மனமுவந்து ஏற்று நடத்துவது இத்தனை பெரிய கடற்கரையை உடைய தேசத்தின் கடமையாகும். குடிபெயர்வோர் சட்டத்தின் கண்ணுக்கு அவன் பிரயாணி. மாலுமிகள் உடன்படிக்கையின் கண்ணுக்கு அவன் மாலுமி அல்லன். அவன்தான் யார்?

அப்படியானால் யுத்த அபாயமுள்ள நாடுகளுக்குப் போவதையே தடுத்துவிடலாமே என்று சிலர் யோசனை கூறுகின்றனர். ஏமனுக்குச் செல்வதை 2017-ல் நமது சர்க்கார் தடை செய்தது. உள்நாட்டு யுத்தம் கொழுந்துவிட்டெரியும் இடத்துக்கு அது பொருந்தலாம். ஆனால் எல்லாவற்றுக்கும் தடையே மருந்து என்பதை நாம் ஒப்பவில்லை. பசி இருக்கும்வரை பிரயாணம் நில்லாது. தடையினால் அது இருட்டில் நடக்கும். ருஷியாவில் நல்ல வேலை என்று ஆசைகாட்டி அழைத்துச் செல்லப்பட்ட இந்திய வாலிபர் உக்ரெய்ன் போர்முனைக்கு அனுப்பப்பட்ட செய்தியும், 2024 மார்ச்சில் அந்த ஏஜெண்டுக் கும்பலின் மீது மத்தியப் புலனாய்வு இலாகா வழக்குத் தொடர்ந்ததும் வாசகர் அறிந்தவை. முறையான வழி இருக்கும்போதே இத்தகைய மோசடி நடக்கிறது. வழியையே அடைத்துவிட்டால் ஏஜெண்டுக்குக் கொண்டாட்டம். போகிறவனுக்குத் தன் இருப்பிடத்தைத் தூதராலயத்தில் சொல்லவும் பயம்.

தடைக்குப் பதில் செய்யத்தக்கவை எவை? முதலாவது, எந்த நாடாயினும், மீன்பிடிக்கப் போகிறவனின் பெயர், போகும் துறை, லாஞ்சு முதலாளியின் பெயர், ஊரிலுள்ள குடும்பத்தின் விலாசம் ஆகியவை புறப்படுமுன் பதிவாக வேண்டும். இதற்குச் சென்னைக்கும் தில்லிக்கும் அலைய வைக்கலாகாது. நாகர்கோவில் கலெக்டர் காரியாலயத்திலும் மீன்துறைக் காரியாலயங்களிலும் அது நடக்க வேண்டும். இரண்டாவது, அனுமதிப் பட்டியலில் இல்லாத நாட்டுக்குப் போகிறவனுக்கும் இன்ஷியூரன்ஸ் வேண்டும். யுத்தத்தால் நேரும் மரணத்துக்கும் அதில் இடம் இருக்க வேண்டும். மூன்றாவது, எச்சரிக்கை அறிக்கைகள் தமிழிலும் வெளிவர வேண்டும். ஆங்கிலத்தில் வெளியாகும் எச்சரிக்கை லாஞ்சில் இருப்பவனுக்கு எச்சரிக்கை அன்று. நான்காவது, சர்க்கார் 'வெளியேறுக' என்று சொல்லும் அன்றே, திரும்பி வருகிறவனின் கடனுக்கு வட்டி நிறுத்தமும், சில மாதங்களுக்குப் பிழைப்புதவியும் மாகாண சர்க்காரால் அறிவிக்கப்பட வேண்டும். அப்போதுதான் அந்த உத்தரவுக்கு உயிர் இருக்கும். அயலகத் தமிழர் நலத்துக்கென்று தனி இலாகாவே வைத்திருக்கும் தமிழ்நாட்டு சர்க்காருக்கு இது தாங்க முடியாத பாரமன்று.

சர்க்காரிடம் கேட்டதோடு நம் கடமை முடிந்துவிடாது. புறப்படுகிறவனும் அவன் குடும்பமும் ஏஜெண்டிடம் நான்கு விஷயங்களை விசாரித்துவிட்டே பணத்தை எண்ணிக் கொடுக்க வேண்டும். போகும் துறைக்கு அருகில் போர்க்கப்பல் துறையோ, எண்ணெய் நிலையமோ, வேறு தாக்கப்படத்தக்க இடமோ உண்டா? பாஸ்போர்ட் யார் கையில் இருக்கும்? தூதராலயமோ அதன் கிளையோ எத்தனை தூரத்தில் இருக்கிறது. ஆகாய மார்க்கம் அடைபட்டால் எந்தத் துறைமுகம் வழியாக வெளியேறலாம்? வேலை நின்றுவிட்டால் சாப்பாட்டுக்கும் திரும்பும் செலவுக்கும் யார் பொறுப்பு? இவற்றுக்கு எழுத்தில் பதில் சொல்ல மறுக்கும் ஏஜெண்டை நம்புவது, ஆழம் பாராமல் காலை விடுவதாகும். உத்தரவு பெற்ற ஏஜெண்டு வாங்கக்கூடிய கூலிக்கு 30,000 ரூபாய், வரி தனி, என்று சட்டவிதி எல்லை வகுத்திருக்கிறது. அதற்கு மேல் லட்சக் கணக்கில் கேட்கிறவனிடம் அந்த விதியைச் சுட்டிக்காட்டும் தைரியம் வேண்டும். ஒருவனாய் நின்று கேட்பது கடினம். ஊர்க் கமிட்டிகளும் பங்குக் கோவில்களும் மீனவர் சங்கங்களும் சேர்ந்து கேட்டால் ஏஜெண்டு பதில் சொல்லித்தான் தீர வேண்டும்.

கடலுக்குப் போகிறவனை அபாயத்துக்கு அஞ்சாதே என்று நாம் கற்பிக்க வேண்டியதில்லை. 2017-ல் ஒக்கிப் புயல் இந்தக் கரையிலிருந்து எத்தனை பேரைக் கொண்டுபோயிற்று என்பதைக் குமரி ஜில்லா மறக்கவில்லை. அந்தப் புயலின்போதும் எச்சரிக்கை வந்ததா, வந்தது ஆழ்கடலில் இருந்தவனை எட்டிற்றா என்பதே வழக்காயிற்று. காற்றினால் வரும் புயலுக்கும் ராஜாங்கங்கள் மூட்டும் புயலுக்கும் இவ்விஷயத்தில் பேதமில்லை. எச்சரிக்கை எட்ட வேண்டும். எட்டியபின் திரும்பிவர வழி இருக்க வேண்டும். இவ்விரண்டும் இல்லாத இடத்தில் 'பத்திரமாக இருங்கள்' என்று சொல்லுவது ஆறுதல்கூட ஆகாது. அடுத்த யுத்தம் எந்த மாதத்தில், எந்தக் கரையில் மூளும் என்று நம்மால் கூற இயலாது. அது மூளும் நாளில் நமது மீனவனின் பெயர் ஓர் ஏட்டிலாவது எழுதப்பட்டிருக்க வேண்டும். இதைச் செய்வதற்குப் புதிய சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும், அதைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார ஓர் உத்தியோகஸ்தரும் போதும். நாகர்கோவிலில் அந்தப் புத்தகம் திறக்கப்படுவதை எதிர்பார்க்கிறோம்.